பப்பாளி என்று கூப்பிடாதீர்கள்

போன மாதம் ஈப்போ கல்யாண மண்டபத்தில், கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றுகொண்டு, "ஏ பப்பாளி! இங்க வாலா!" என்று கூப்பாடு போட்டது உங்களில் ஒருத்திதான். யார் என்று நான் சொல்லப் போவதில்லை. மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடமாடுகிற அறுபது வயதுக்காரியை, நானூறு பேர் திரும்பிப் பார்க்கும்படி அப்படிக் கூப்பிடலாமா? பக்கத்தில் நின்ற உங்கள் மருமகள், பாவம், நல்ல பெண், விவரம் தெரியாமல் கேட்டாள்: "ஏன் அத்தே இவங்களப் பப்பாளின்னு கூப்பிடுறீங்க?" அதற்கு நீங்கள் சொன்ன பதில்தான் என்னை இந்த வயதில் பேனாவை எடுக்க வைத்திருக்கிறது. "சின்ன வயசுல அவளுக்குப் பப்பாளின்னா உசிரு!"

உசிரா? நான் வாயைத் திறப்பதற்குள் ஐஸ்கிரீம் வந்துவிட்டது. எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். சரி, எழுதித்தான் தொலைக்க வேண்டும் போலிருக்கிறது.

பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே இருந்த நம் ரப்பர் தோட்டத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கக்கூட வழியில்லை. அந்த மருமகள் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக மட்டும் கொஞ்சம் சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எழுபதுகளின் நடுப்பகுதி. ரப்பர் கொட்டை வெடிக்கிற மாதங்கள். மத்தியானம் வெயில் ஏறினால் காட்டுக்குள் 'டப்... டப்...' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கொட்டையைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சூடு ஏறியதும் அடுத்தவள் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். என் தொடையில் யார் யார் வைத்தீர்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த நாளில் ஒரே பழத்துக்கு நம் தோட்டத்தில் நாலு பெயர். லயத்தில் அது பப்பாளி. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியின் குடும்பம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர்கள் வீட்டில் அது பப்பாப்பழம். அந்தப் பெயரைக் கேட்டு நாம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவருக்குப் பெத்தேக். சாலையோரத்துக் கெடையில் சாமான் விற்கிற சீனத்தி சொல்வது மொக்குவா. அப்படியென்றால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். மரத்தில் காய்க்கிற பூசணி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு அதன் காயை மீனோடு போட்டு சூப் வைப்பார்களாம். நான் வீட்டில் வந்து சொன்னதற்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

குட்டியவர் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. அடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் அவர் அங்கிருந்து உப்பு போதாது என்பார். அவ்வளவு கெட்டிக்காரி. லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார். அதனால் அவர் சொல்வதுதான் சட்டம்.

அந்தச் சட்டங்களில் ஒன்று இது: வீட்டில் ஒருத்தி மாசமாக இருந்தால், அந்த வீட்டில் பப்பாளி என்று வாயால் சொல்லக்கூடாது. தின்னக்கூடாது என்பது ஊரெல்லாம் சொல்வது. பெரியம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். பெயரே ஆகாது. "வயித்துல இருக்கிறதுக்குக் காது கேக்கும்லா. பேரக் கேட்டாலே வழுக்கிரும்." சொல்லியே ஆக வேண்டும் என்றால் மலாய்ப் பேரைச் சொல்லிக்கொள்ளலாம். பெத்தேக் என்றால் குற்றமில்லை. வயிற்றில் இருப்பதற்கு மலாய் தெரியாது என்று நினைத்தார்களோ என்னவோ! பப்பாளித் தண்டை வெட்டி, சவர்க்காரத் தண்ணீரில் முக்கி ஊதி முட்டை விடுவோமே, அந்த விளையாட்டுக்கும் அந்த வருஷம் தடை. நான் தண்டை லயத்துப் பக்கம் கொண்டுவந்ததற்காக ஒரு சாயங்காலம் பூரா என்னை வெளியே நிற்க வைத்தார். ஏனென்றால் அந்த வருஷம் மாசமாக இருந்தது என் அம்மா.

எனக்குப் பிறகு பத்து வருஷம் கழித்து வந்த கர்ப்பம். எல்லாருக்கும் ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசை. அப்பா வெளியே சொல்லமாட்டார். ஆனால் கெடைக்குப் போனால் பட்டாணி வாங்கிவந்து அம்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போவார்.

ஏழாவது மாதமும் அம்மா பால் வெட்டப் போனார். விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கொடுக்க வேண்டும், அப்புறம் மேட்டு நிரை, சரிவில் நிற்கிற மர வரிசை. வெட்டுவதுகூடப் பரவாயில்லை. வெட்டி முடித்துப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியை மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, சறுக்குகிற மேட்டில் இறங்கி, பால் நிறுக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அம்மாவின் தோளில் அந்தக் கம்பு பதிந்த இடம் கறுத்துத் தடித்திருக்கும். நான் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

அந்தக் கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் புல்லுப் பிடுங்குகிற வேலை கொடுத்திருப்பார். மற்றப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அம்மா அப்பாவிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

"கிராணிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். மேடு ஏற முடியல."

"மாசமானவ எவளும் வேல பாக்கலியா? அவன் முன்னாடி நான் போயி தலயச் சொறிஞ்சிக்கிட்டு நிக்கணுமா?"

அப்பாவுக்கும் கிராணிக்கும் முந்தின திருவிழாவில் ஒரு நாற்காலித் தகராறு. கோயிலில் கிராணிக்கு நாற்காலி போட்டார்கள், கோயில் கமிட்டியில் இருந்த அப்பாவுக்குப் போடவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு மர நாற்காலி! அதற்காகப் பத்து மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தேன். அம்மா வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கிராணியம்மா வீட்டுக்குப் பின்னால பெத்தேக் பழுத்து நிக்குது. நாலு நாளா பாத்துக்கிட்டே வாரேன். வாயெல்லாம் ஊறுது. ஒனக்குன்னு கேட்டு வாங்கிட்டு வாரியா?"

"பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"பெரியம்மாகிட்ட நீ ஏன் சொல்ற? அப்பாகிட்டயும் சொல்லாத."

அம்மா என்னிடம் அதற்கு முன் எதையும் ஆசையாகக் கேட்டதில்லை. நான் பறந்தேன்.

கிராணியம்மா நல்ல மனுஷி. பழத்தை அறுத்து, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார். தந்துவிட்டு விடாமல் பார்த்தார்.

"பிள்ளை, பப்பாப்பழம் உமக்குத்தானே? அம்மா பிள்ளைத்தாச்சியெல்லோ. அவவுக்குக் குடுத்துப் போடாதையும், என்ன?"

"எனக்குத்தான்" என்றேன். பத்து வயதில் நான் சொன்ன பெரிய பொய் அது.

ஓரம் உடைந்த நீலக்கரை மங்குத் தட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதில் வைத்து அம்மா வெட்டினார். நன்றாகப் பழுத்த பழம், உள்ளே செக்கச் சிவப்பு. கறுப்பு விதைகள் ஈரமாக மினுங்கின. அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, அம்மா மூன்று துண்டு தின்றார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, அதையும் நக்கிக்கொண்டார். நாலாவது துண்டை எனக்குக் கொடுத்தார். அம்மா அவ்வளவு சந்தோஷமாக ஒரு பொருளைத் தின்று நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோலையும் விதையையும் புதைக்கச் சொன்னார். நான் சோம்பேறி. வீட்டுக்குப் பின்னால் போட்டு, சருகைத் தள்ளி மூடிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை, பத்து மணி இருக்கும், அம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். சனிக்கிழமை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். வாளியோடு மேட்டில் இறங்கும்போது கால் சறுக்கி உட்கார்ந்துவிட்டாராம். சேலையெல்லாம் பால் கொட்டிக் காய்ந்து ஒட்டியிருந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸருக்கு ஆள் போனது. அவர் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மோட்டார் சைக்கிளில் வந்தார். "காத்துப் புடிச்சிருக்கு, ஒண்ணும் பயமில்ல" என்று ஒரு போத்தல் சிவப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பாய் நனைந்தது. லாரி பால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருந்து, காலி டிரம்களுக்கு நடுவில் அம்மாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.

ஐந்து நாள் கழித்து அம்மா வெறுங்கையோடு திரும்பினார். ஆண் பிள்ளையாம். அழவே இல்லையாம்.

மறுநாள் பெரியம்மா கோழியை விரட்டப் பின்பக்கம் போனார். கோழி சருகைக் கிளறி, கறுப்பு விதைகளைக் கொத்திக்கொண்டிருந்தது.

குழாயடியில் என்னை நிறுத்தினார்கள். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். உங்கள் அம்மாக்களும் இருந்தார்கள். அவர்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நின்றீர்கள். மறந்துவிட்டதா?

"யாரு குடுத்தா?"

பழுத்த மரம் யார் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கிராணியம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "நான் பிள்ளைக்கெண்டுதான் குடுத்தனான். அம்மாவுக்குக் குடுக்காதையும் எண்டு சொல்லியும் விட்டனான்" என்றார். உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதோடு என் கதை முடிந்தது. தெரிந்தே கொடுத்தவள் ஆகிவிட்டேன். தம்பி வந்தால் தனக்குக் கிடைக்கிற செல்லம் போய்விடும் என்று செய்திருக்கிறாள் என்று ஒரு கிழவி கண்டுபிடித்துச் சொன்னாள்.

திறந்திருந்த கதவு வழியாக அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் கேட்கிற தூரம்தான். நான்தான் கேட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் சொன்னால் போதும். நான் காத்திருந்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"தம்பிய முழுங்கின பப்பாளி!" என்றார் பெரியம்மா. அந்த மங்குத் தட்டை எடுத்து, லயத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் விட்டெறிந்தார். நான் பல நாள் அங்கே இறங்கித் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை.

என் பெயர் அப்படித்தான் வந்தது. உயிராக இருந்ததால் வந்ததல்ல. மறுநாள் பள்ளியில் நீங்கள் அதைப் பாட்டாகவே பாடினீர்கள். போகப் போக 'தம்பி'யும் 'முழுங்கின'தும் உதிர்ந்துபோய்ப் பப்பாளி மட்டும் மிச்சமானது. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் அது செல்லப்பெயர் என்றே எல்லாரும் நினைக்க ஆரம்பித்துவிட்டீர்கள். மேட்டு நிரையைப் பற்றி யாரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. காண்டாவைப் பற்றி, டிரெஸரின் மத்தியானத் தூக்கத்தைப் பற்றி, கோயில் நாற்காலியைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. பழம் கிடைத்துவிட்டது, போதும். அப்பா பல மாதம் என்னிடம் பேசவில்லை.

எண்பதுகளில் நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். பெரியம்மா குடும்பமும் பின்னாலேயே வந்தது. நான் டைப்பிங் படித்து ஒரு வக்கீல் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே தலையணை கனத்தில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், பப்பாயா என்ற சொல்லைத் தேடினேன்.

அந்தப் பெயர் நம்முடையதே இல்லை. உலகத்தின் அந்தக் கோடியில், கடலுக்கு நடுவே ஏதோ தீவுகளில் இருந்த ஜனங்கள் வைத்த பெயராம். வெள்ளைக்காரன் அங்கே கப்பலில் போய் இறங்கி, பழத்தையும் பெயரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். கிராணியம்மாவின் பப்பாப்பழமும் நம் பப்பாளியும் அந்த ஒரே பெயரின் வால்கள்தான். நாம் என்னடா என்றால் பப்பாப்பழத்தைக் கேட்டுச் சிரித்தோம். பழம் நம் பக்கம் வந்தே நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்காது. அப்படியானால் காலங்காலமாக நம் ஆட்கள் கண்ட உண்மை என்று பெரியம்மா சொன்னாரே, அது எந்தக் காலம்? பழம் கப்பலேறுவதற்கு முன்னால் நம் பெண்களுக்குக் கரு கலையவே இல்லையா? அப்போதெல்லாம் எந்தப் பழத்தை, எந்தப் பத்து வயதுப் பிள்ளையைப் பிடித்துக் குழாயடியில் நிறுத்தினார்கள்?

இதைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. என் வளைகாப்பில் கிடைத்தது.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் பெற்ற மகளுக்கு வளையல் போட அம்மாவுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுப்படிக் கதவோரம் நின்றார். பெரியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"எல்லாம் தின்னு. அந்தப் பழத்த மட்டும் கண்ணால பாக்காத. பேரக்கூடச் சொல்லாத. நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு, நெனப்பிருக்கட்டும்."

நான் வெடித்துவிட்டேன். அகராதி, தீவு, கப்பல், எல்லாவற்றையும் கொட்டினேன். பப்பாளி, பப்பாளி, பப்பாளி என்று வேண்டுமென்றே பத்து தடவை சொன்னேன். மருதாணிக் கிண்ணத்தோடு நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பெரியம்மா மட்டும் அசரவில்லை.

"கப்பல்ல வந்துச்சா? நாமளுந்தான் கப்பல்ல வந்தோம். அதுக்காக நம்ம கையில பாவம் இல்லன்னு ஆயிருமா?"

நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை. அந்த நேரத்தில்தான் கதவோரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விடுங்கக்கா. அன்னைக்கு நாந்தான் கேட்டேன். வாய் ஊறுதுன்னு நாந்தான் அவள அனுப்பினேன். அவ சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?"

பதினான்கு வருஷம் நான் காத்திருந்த வாக்கியம். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் திகைக்க வேண்டும், தலைகுனிய வேண்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அவர் அடுத்த வளையலை எடுத்தார்.

"எனக்குத் தெரியாதா? அந்த வயசுப் புள்ள அடுப்படிக் கதவச் சாத்திட்டா தின்னும்? பலகைக்கு அந்தப் பக்கந்தான இருந்தேன். என் கொழுந்தன் கை எப்பேர்ப்பட்ட கைன்னும் தெரியும். பச்ச ஒடம்புக்காரி நீ கேட்டுத் தின்னேன்னு அவன் காதுல விழுந்திருந்தா ஒன்ன என்ன பண்ணியிருப்பான்? அதான் கோழி கெளறினதும் நான் முந்திக்கிட்டேன். புள்ள மேல போட்டா ரெண்டு நாளு திட்டுவாங்க. சின்னப் புள்ளதான, மறந்துரும்னு நெனச்சேன்."

மறந்துரும்னு நெனச்சேன். இவ்வளவுதான். சொல்லிவிட்டு, வளையல் கைக்குப் பத்தவில்லை, பெரிய அளவு எடு என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

அவரைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மாவை அவர் காப்பாற்றினார், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு என்னைக் கொடுத்துக் காப்பாற்றினார். எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. அம்மா ஒத்துக்கொண்டதும் அவர் மன்னித்ததும் எல்லாம் அந்தப் பழத்தை வைத்துத்தான். பழுத்த பழம் மூன்று துண்டு தின்றதற்கும் அன்று நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி என்போமே, அவள் எனக்கு எடுத்துச் சொன்னாள். நான் வீட்டில் வந்து சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வேறு பேச்சுக்குப் போனார்கள். அம்மா சாகிறவரைக்கும் தன் மகனைத் தன் நாக்குதான் கொன்றது என்றே நம்பினார். தோளில் அந்தத் தடிப்பு கடைசிவரை இருந்தது. குளிப்பாட்டும்போது நான் பார்த்தேன்.

வளைகாப்புக்கு மறுநாள் பாசாருக்குப் போய்ப் பழுத்த பப்பாளி ஒன்று வாங்கிவந்தேன், எல்லார் முன்னாலும் வெட்டித் தின்று காட்ட வேண்டும் என்று. மேசையில் வைத்துக் கத்தியையும் எடுத்தேன். வெட்டவில்லை. பயமாக இருந்தது. அகராதி படித்தவள், மிஸ்ஸியிடம் கேட்டுத் தெளிந்தவள், பயந்தேன். பழம் மேசையிலேயே அழுகி, தண்ணீர் விட்டது. எனக்கு மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தான் சொன்னதைக் கேட்டதால்தான் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார். எனக்கு என் மேலேயே வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இதுதான் அந்தப் பெயரின் கதை. உங்கள் மருமகளிடம் படித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் இன்னொரு கல்யாணம் வருகிறது, பத்திரிகை எனக்கும் வந்திருக்கிறது. நான் வருவேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் ஆறு வருஷம் தினமும் காலையில் வாத்தியார் உரக்கப் படித்த பெயர்தான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கேட்ட பெயர்தான்.

எங்கே, ஒருத்தி சொல்லுங்கள் பார்ப்போம்.